லூச் மணிக்கூடும் புளியந்தீவுக் காக்காவும்

1991 டிசம்பர் 7ஆம் திகதி பெலாருஸின் தலைநகரம் மின்ஸ்கில் வாங்கிய கைமணிக்கூடு ஒன்றை மட்டக்களப்பில் திருத்தி எடுத்திருக்கிறேன். கூலி 4,500 ரூபாய், உதிரிப்பாகம் 6,200 ரூபாய், மொத்தம் 10,700. பிடித்த காலம் 11 கிழமை. இப்போது ஒரு நாளைக்கு 15 செக்கன் பிந்துகிறது. சாவி கொடுக்கும் மணிக்கூட்டுக்கு, அதுவும் கடல் தண்ணீர் குடித்து இருபது வருடம் லாச்சிக்குள் கிடந்ததற்கு, இது மிக நல்ல கணக்கு. இப்படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். ஏன் என்று சொல்வதற்கு மணிக்கூட்டின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) செய்த வேலையின் அருமை விளங்காது.

கடை புளியந்தீவில். மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து நடந்தே போகலாம். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு நகைக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஐந்தடி அகலம். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு ஸ்டூல், சுவர் நிறைய ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும் பழைய சுவர்மணிக்கூடுகள். கடைக்காரர் காத்தான்குடிக்காரர், எழுபதை நெருங்குகிறார். அவருடைய வாப்பாவும் இதே இடத்தில் இதே வேலை செய்தவர். 'மணிக்கூட்டுக் காக்கா எங்கே' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

மணிக்கூட்டின் பெயர் லூச். ரஷ்ய மொழியில் கதிர் என்று அர்த்தம். மின்ஸ்க் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் செய்தது. வட்ட முகம், வெள்ளை டயல், எண்களுக்குப் பதிலாக மெல்லிய கோடுகள், 10 மைக்ரோன் தங்கமுலாம் பூசிய உடம்பு. ஆறு மணிக் கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில், 'சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்டது' என்று ரஷ்ய மொழியில் இருக்கிறது. என் வயதுக்கு இப்போது வில்லை வைத்தால்தான் அதை வாசிக்க முடிகிறது. உள்ளே இருப்பது 2209 என்ற இயந்திரம். அதன் தடிப்பு 2.9 மில்லிமீற்றர்தான். கட்டினால் கையில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே வராது, சட்டைக் கைக்குள் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த மெல்லிசுதான் அதன் அழகு, குறையும் அதுதான். தண்ணீர் தாங்காது. சாவித்தண்டு ஊசி மாதிரி. முரட்டுக் கைக்கு ஒத்துவராது. வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு இது உதவாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் 1988 இல் இருந்து 1994 வரை மின்ஸ்க் பொலிடெக்னிக்கில் படித்தவன். முதல் வருடம் ரஷ்ய மொழி, பிறகு ஐந்து வருடம் பொறியியல். படித்த இடம், இந்த மணிக்கூட்டைச் செய்த தொழிற்சாலை, அதை நான் வாங்கிய 'கூம்' என்ற பெரிய அரசாங்கக் கடை, மூன்றும் ஒரே வீதியில்தான். நான் போய் இறங்கியபோது அது லெனின் பெருவீதி. 1991 இல் அதற்கு ஸ்கரீனாவின் பெயர் வைத்தார்கள். அவர் 16ஆம் நூற்றாண்டில் விவிலியத்தை அச்சிட்ட பெலாருஸ் அறிஞர். 2005 இல் அதையும் மாற்றி சுதந்திரப் பெருவீதி ஆக்கினார்கள். லெனினுக்கு முன்னால் அது ஸ்டாலின் பெருவீதியாக இருந்ததாம். வீதி அசையவில்லை, மரங்களும் அப்படியே. பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அந்த 1991ஆம் வருடத்தை அங்கே இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சோவியத் ஒன்றியம் என்ற பெரிய நாடு உடைந்த கதையைப் பலர் டிசம்பரில் இருந்து தொடங்குகிறார்கள். எங்களுக்கு அது ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. ஜனவரி 22ஆம் திகதி இரவு 50 ரூபிள், 100 ரூபிள் தாள்கள் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள மூன்று நாள்தான் அவகாசம். விடுதி வாசலில் இருந்த காவல் அம்மா தன் சேமிப்பை ஒரு துவாய்க்குள் சுற்றிக்கொண்டு பனிக்குள் வங்கிக்கு ஓடியதை நான் பார்த்தேன். அதற்கு ஒன்பது நாளுக்கு முன்னர்தான், மின்ஸ்கில் இருந்து ரயிலில் ஒரு சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய லித்துவேனியத் தலைநகர் வில்னியூஸில், தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடிக்க வந்த இராணுவத்தின் முன்னால் 14 பேர் செத்திருந்தார்கள். ஏப்ரல் 2ஆம் திகதி விலைகளை ஏற்றினார்கள். அடுத்த நாளே மின்ஸ்கில் தொழிற்சாலைகள் நிற்கத் தொடங்கின. லெனின் சதுக்கம் நிறையத் தொழிலாளர்கள். பெலாருஸ்காரர் அமைதியானவர்கள், வாய் திறக்காதவர்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த ஆசிரியரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்.

இத்தனைக்கும் அந்த மார்ச் மாதம்தான் ஒன்றியம் வேண்டுமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டிருந்தார்கள். வாக்கெடுப்பில் கலந்துகொண்ட குடியரசுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேண்டும் என்றது. பெலாருஸில் 82 வீதத்துக்கு மேல். ஓகஸ்டில் மொஸ்கோவில் சோவியத் ஜனாதிபதி கோர்பச்சேவைக் கவிழ்க்கச் சதி நடந்து மூன்று நாளில் தோற்றது. டிசம்பர் 1ஆம் திகதி உக்ரேனில் வாக்கெடுப்பு வைத்தபோது 90 வீதத்துக்கு மேல் தனிநாட்டுக்குப் போட்டார்கள். ஒன்பது மாதத்துக்குள் மக்கள் மனம் அப்படித் திரும்பும் என்று யாரும் நினைக்கவில்லை. என்னைக் கேட்டால், சதியை விடவும் பேச்சுகளை விடவும் அந்த வருடத்து வரிசைகள்தான் அதைச் செய்தன. சீனிக்குக் கூப்பன், சவர்க்காரத்துக்குக் கூப்பன், கூப்பனைக் கொண்டுபோனால் சாமான் இல்லை. ஒரு அரசாங்கம் கொடுத்த கடதாசிக்குப் பெறுமதி இல்லை என்று வீட்டுக்கு வீடு தெரிந்துபோன பிறகு, அந்த அரசாங்கத்தின் மற்றக் கடதாசிகளை யார் நம்புவார்கள்?

டிசம்பர் முதல் கிழமை. ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாட்டை எடுக்கப் போகிறார்கள், பின்னாலேயே இங்கும் எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் கதை. கையில் காசு இருந்தவர்கள் எது அகப்பட்டாலும் வாங்கினார்கள். குளிர்சாதனப்பெட்டி வாங்க வந்தவர் அது இல்லாததால் இரண்டு கம்பளமும் ஒரு மேசை விளக்கும் தூக்கிக்கொண்டு போனார். நானும் அந்தச் சனிக்கிழமை கூமில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். அப்பாவுக்கு ஒரு மணிக்கூடு வாங்க வேண்டும் என்பது என் ஆசை. மாத உதவித்தொகையில் பாதி போனது. விற்பனைப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, என் காதிலும் வைத்துக் கேட்கச் சொல்லி, அதன் பிறகுதான் தந்தார். கூடவே இரண்டாய் மடித்த சின்னக் கடதாசி ஒன்று. அங்கே அப்படிப்பட்ட கடதாசிக்கும் 'பஸ்போர்ட்' என்றுதான் பெயர். இயந்திரத்தின் இலக்கம், கற்கள் எத்தனை, உத்தரவாதக் காலம், தொழிற்சாலை முகவரி எல்லாம் அச்சிட்டிருந்தது. அதில் திகதி எழுதி முத்திரை குத்தினார். 07.12.91.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, போலந்து எல்லைக்குப் பக்கத்தில், காட்டெருமைகள் வாழும் பெலவேஷா காட்டுக்குள் இருக்கும் விஸ்குலி என்ற அரசாங்க வேட்டை மாளிகையில், ரஷ்யாவின் தலைவர் யெல்ட்சினும் உக்ரேனின் தலைவர் கிரவ்சுக்கும் பெலாருஸின் தலைவர் சுஷ்கேவிச்சும் ஒன்றியத்தை முடிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1922 இல் ஒன்றியத்தை உண்டாக்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட குடியரசுகள் நாங்கள், ஆகவே அதை முடிக்கும் உரிமையும் எங்களுக்கே உண்டு என்பது அவர்களின் வாதம். சோவியத் ஒன்றியம் சர்வதேசச் சட்டத்தின் முன்னும் உலக யதார்த்தத்திலும் இல்லாமற் போகிறது என்று ஒரு வசனம். சுஷ்கேவிச் அரசியலுக்கு வர முன்னர் பௌதிகப் பேராசிரியர். ஒன்றியத்துக்குப் பதிலாக அமைத்த புதிய கூட்டமைப்பின் அலுவலகங்கள் மின்ஸ்கில் இருக்கும் என்றும் அதே ஒப்பந்தத்தில் எழுதினார்கள். திங்கட்கிழமை விடுதிப் பொது அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்பது பேர் நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. காவல் அம்மா மட்டும் கம்பளி பின்னிக்கொண்டே, 'என்னுடைய ஓய்வூதியத்தை இனி எந்த நாடு தரும்?' என்று கேட்டார். அவருடைய தங்கை வில்னியூஸில் இருந்தார். அங்கே போவதற்கு ஒரு காலத்தில் விசா எடுக்க வேண்டி வரும் என்று அப்போது அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

டிசம்பர் 25 இரவு கோர்பச்சேவ் பதவி விலகினார், கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. 26ஆம் திகதி மேல்சபை கூடி ஒன்றியம் முடிந்தது என்று தீர்மானம் எடுத்தது. என் மணிக்கூட்டுக்கு உத்தரவாதம் எழுதித்தந்த நாடு, எழுதி மூன்று கிழமைக்குள் இல்லை. வருடம் பிறந்தவுடன் விலைகள் பறந்தன. மே மாதம் பெலாருஸ் தன் சொந்த ரூபிளை அடித்தது. ஒரு ரூபிள் தாளில் முயல், அரை ரூபிளில் அணில், ஐந்தில் ஓநாய்கள், நூறில் காட்டெருமை. சனங்கள் அந்தக் காசையே 'முயல்' என்று கூப்பிட்டார்கள். எத்தனை முயல் என்றுதான் சந்தையில் விலை கேட்பார்கள்.

எங்கள் அறையில் மூன்று பேர். நான், பிரெஸ்ட் பக்கத்துப் பெலாருஸ்காரன் ஒருவன், துஷான்பேயில் இருந்து வந்த தாஜிக் ஒருவன். ஒன்றாகக் கிழங்கு அவித்துச் சாப்பிட்டோம். 1990 ஜூனில் இங்கே மீண்டும் யுத்தம் தொடங்கியதில் இருந்து மட்டக்களப்பில் இருந்து எனக்குக் கடிதம் வருவது நின்றுவிட்டது. வந்தால் மூன்று மாதம் பிந்தி, கொழும்பில் யாரோ கையில் கொடுத்து அனுப்பியதாக வரும். அந்த நாட்களில் ஒரு இரவு பெலாருஸ்காரன் கேட்டான்: எங்கள் அரசியலமைப்பில் 72ஆம் பிரிவு ஒவ்வொரு குடியரசுக்கும் விரும்பினால் பிரிந்து போகும் உரிமை தருகிறது, உங்கள் நாட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று. 1983 இல் கொண்டுவந்த ஆறாவது திருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் நாட்டில் பிரிவினையை ஆதரிக்கவே கூடாது, நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் அதற்கு எதிராகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று. அவன் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிரிந்து போகும் அந்த உரிமை எழுபது வருடத்தில் ஒருபோதும் பாவிக்கப்படாத வெறும் எழுத்து என்றுதான் அவனும் அதுவரை நினைத்திருந்தான். எங்கள் ஊர் எரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவனுடைய நாடு ஒரு மாளிகை மேசையில் பிரிந்தது. எனக்கு அப்போது வந்தது பொறாமையா துக்கமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

எல்லா இடத்திலும் மேசையில் முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தாஜிகிஸ்தானில் 1992 இல் தொடங்கிய உள்நாட்டு யுத்தம் 1997 வரை நடந்தது. எங்கள் தாஜிக் நண்பன் முதல் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனான். 1993 இல் ஒரு கடிதம் வந்தது. பிறகு இல்லை.

1992 இல் எங்களை ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாரவூர்தி செய்யும் இடம். முற்றத்தில் சட்டகங்கள் வரிசையாக நின்றன, சில்லு இருந்தது, இருக்கை இருந்தது, எஞ்சின் இல்லை. எஞ்சின் செய்கிற தொழிற்சாலை ரஷ்யாவில். நேற்று வரைக்கும் ஒரே நாட்டுக்குள் ரயிலேறி வந்த சாமான், இன்று எந்தக் காசில் விலை பேசுவது என்று தெரியாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. 15 நாடுகளாகப் பிரிவதற்குச் சில கையெழுத்துப் போதும். ஆனால் ஒரு நாட்டின் போல்டும் இன்னொரு நாட்டின் நட்டும் ஒன்றையொன்று தேடி அலைந்த அந்த வருடங்களை நான் மறக்க மாட்டேன். என் லூச்சுக்குள் இருக்கும் 2209 கூட முதலில் மொஸ்கோவின் முதலாம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் உருவாகி, பிறகுதான் மின்ஸ்குக்கு வந்தது. இதை எனக்குச் சொன்னது மின்ஸ்க் அல்ல, புளியந்தீவுக் காக்கா.

1994 இல் பட்டத்தோடு ஊருக்கு வந்தேன். பட்டச் சான்றிதழில் குதிரை மேல் வாளோடு போகும் வீரனின் சின்னம். அந்தச் சின்னம் பெலாருஸின் அரச சின்னமாக இருந்தது 1991 இல் இருந்து 1995 வரை மட்டும்தான். சேர்ந்தபோது கிடைத்த மாணவர் புத்தகத்தில் அரிவாள் சுத்தியல், முடித்தபோது குதிரை. கொழும்பில் ஒரு அலுவலகத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அதிகாரி, 'நீர் படித்தது எந்த நாட்டில்?' என்று கேட்டார். அதை விளங்கப்படுத்தி முடிக்க எட்டு மாதம் ஆனது.

மணிக்கூட்டை அப்பா பத்து வருடம் கட்டினார். 2004 டிசம்பர் 26 காலையில் கல்லடி வீட்டுக்குக் கடல் வந்தபோதும் அவர் கையில் அதுதான். சோவியத் ஒன்றியத்தை முடித்துத் தீர்மானம் எடுத்ததும் ஒரு டிசம்பர் 26தான், எனக்கு அந்தத் திகதி இரண்டுக்குமாகச் சேர்ந்து நினைவில் நிற்கிறது. அப்பா தப்பினார். மணிக்கூடு மூன்று நாள் ஓடி நின்றது. அவர் அதைக் கழற்றித் துடைத்து, பஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி லாச்சிக்குள் வைத்தார். அவர் போன பிறகு நானும் எடுத்துப் பார்க்கவில்லை.

சில வருடத்துக்கு முன்னர் கொழும்பில் ஒரு கடையில் காட்டினேன். குளிரூட்டிய கடை, வெள்ளைக் கையுறை போட்ட பையன். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ரஷ்யா மணிக்கூட்டுக்குச் சாமான் கிடையாது, வேண்டுமானால் உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே பற்றரி இயந்திரம் போட்டுத் தருகிறோம் என்றான். திறந்ததற்கு 1,500 ரூபாய் வாங்கினான். மூடியையும் சரியாக அமர்த்தவில்லை. இதே பதிலை நீங்களும் கேட்டிருந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள்.

காக்கா முதலில் மணிக்கூட்டைத் திறக்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார். சாவியை அரைச் சுற்றுத் திருப்பிக் காதில் வைத்தார். 'ஆரு தம்பி சொன்ன சரிவராதெண்டு? இது எறியிற சாமான் இல்ல, கழட்டிப் பூட்டுறதுக்கெண்டே செஞ்ச சாமான்' என்றார். பிறகு கண்ணில் வில்லையை மாட்டி, மெல்லிய கத்தியால் மூடியை நெம்பி, உள்ளே எழுதியிருந்த இலக்கத்தை வாசித்தார். 'ரெண்டு ரெண்டு, பூச்சியம் ஒம்பது. இருவத்திரண்டு மில்லிமீற்றர் அகலம். பூச்சியம் ஒம்பதெண்டா நடுச் செக்கன் முள்ளு, அடிதாங்கி இருக்கு.' சோவியத் மணிக்கூட்டு இயந்திரங்களுக்கு இலக்கம் வைத்த முறை அதுதான். முதல் இரண்டு எண் அகலம், அடுத்த இரண்டும் அது செய்யும் வேலை. அந்த நாட்டில் ஐந்து வருடம் பொறியியல் படித்த எனக்கு அது தெரியாது. இவருக்கு வாப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார், மூச்சை மட்டும் மேசைப் பக்கம் விடவேண்டாம் என்றார். முள்கள் மூன்றையும் ஒரு பொலித்தீன் துண்டை டயல் மேல் வைத்து, கீறல் விழாமல் எடுத்தார். டயல் வந்தது. இயந்திரம் வெளியே வந்ததும் அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பொரிந்திருந்தது. சாவணத்தின் நுனியால் ஒரு மணியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காட்டினார். உப்பு. கல்லடிக் கடலின் உப்பு, இருபது வருடமாக அப்பாவின் மணிக்கூட்டுக்குள் இருந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காக்கா விளக்கை மற்றப் பக்கம் திருப்பிவிட்டு, 'பிளேன்ரீ ஒண்டு சொல்லட்டா?' என்று கேட்டார்.

ஒவ்வொரு துண்டையும் கவிழ்த்து வைத்த சோடா மூடிகளில் வரிசையாகப் போட்டார். சாவித்தண்டும் அதைத் தொடும் பல்சில்லும் கறள் பிடித்து முடிந்துபோயிருந்தன. மெயின் ஸ்பிரிங் பலம் போயிருந்தது. ஆனால் பாலன்ஸ் சில்லும் ஹேர்ஸ்பிரிங்கும் சேதமில்லை. 23 கல்லில் ஒன்றுகூட உடையவில்லை. அதைத்தான் அவர் ஆச்சரியத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னார். 'உசிரு இருக்கு தம்பி. கையும் காலுந்தான் இல்ல.'

கையும் காலும் எங்கே தேடுவது? அவருடைய பேரன் உயர்தரம் படிக்கிற பொடியன், அவன்தான் தொலைபேசியில் தேடினான். ஓடாத 2209 இயந்திரம் ஒன்று, உதிரிக்கென்றே விற்பனைக்கு இருந்தது. விற்பவர் உக்ரேனில். யுத்தம் நடக்கும் நாட்டில் இருந்து பார்சல் வருமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. காசை அனுப்பிவிட்டு ஏழு கிழமை காத்திருந்தோம். ஒரு நாள் காக்காவே ஆள் அனுப்பினார், வரச் சொல்லி. பழுப்பு உறையில் உக்ரேன் முத்திரை ஒட்டியிருந்தது. உள்ளே பஞ்சுக்குள் சுற்றிய இயந்திரம், கூடவே விற்றவர் கையால் எழுதிய ஒரு துண்டு. ரஷ்ய மொழியில்தான் எழுதியிருந்தார்: சாவித்தண்டு நல்லது, மெயின் ஸ்பிரிங் நல்லது, உங்கள் மணிக்கூடு நீண்ட காலம் ஓடட்டும். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். காக்கா அந்தத் துண்டை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

1991 இல் விஸ்குலி மேசையில் ஒன்றாக இருந்து கையெழுத்திட்ட மூன்று நாடுகளில் இரண்டு இன்று ஒன்றோடொன்று சண்டையில். 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தபோது ஒரு பகுதி பெலாருஸ் மண் வழியாகத்தான் போனது. மொஸ்கோவில் பிறந்து மின்ஸ்கில் செய்யப்பட்ட என் மணிக்கூட்டுக்குள் இப்போது உக்ரேனில் இருந்து வந்த தண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. பூட்டிய அன்றைக்குக் காக்கா பாலன்ஸ் சில்லைக் கடைசியாக இறக்கினார். ஊசி நுனியால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பொட்டு எண்ணெய். சாவியை இரண்டு சுற்று. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சில்லு மெல்லத் திரும்பி, திரும்பி வந்து, நெஞ்சு அடிப்பது போல ஓடத் தொடங்கியது. மின்ஸ்கில் அந்தப் பெண் செய்தது போலவே தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் காதில் வைத்தார். அதே சத்தம்தான்.

காத்திருந்த நாட்களில் ஒரு தடவை கேட்டேன், கடை எப்போதும் இங்கேதானா என்று. 90 இல் பூட்டிவிட்டுப் போனதாகவும் மூன்று வருடம் கழித்துத்தான் திறந்ததாகவும் சொன்னார். அந்த வருடம் அவருடைய ஊரில் நடந்ததும் எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் நடந்ததும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் இருவரும் கதைக்கவில்லை. பூட்டிய நாளில் கடைக்குள் இருந்த ஊராருடைய மணிக்கூடுகள் இருபதையும் கூடவே கொண்டுபோய், திரும்பி வந்து ஒவ்வொன்றாக உரியவர்களைத் தேடிக் கொடுத்திருக்கிறார். மூன்றுக்கு ஆள் இல்லை. அவை இன்னும் சுவரலுமாரியில் பெயர் எழுதிய உறைகளுக்குள் இருக்கின்றன.

குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டுத் தருவதில்லை. உங்கள் பெயரை ஒரு உறையில் எழுதி அதற்குள் போடுவார், அவ்வளவுதான். பெறுமதியான சாமான் என்றால் நீங்களே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். சொன்ன நாளில் முடியாது. எனக்கு ஆறு கிழமை என்றார், பதினொன்று ஆனது. பார்சல் பிந்தியதைக் கழித்தாலும் இரண்டு கிழமை அவர் கணக்கில்தான். காசு கையில் கொடுக்க வேண்டும், அட்டை இல்லை. தங்கமுலாம் தேய்ந்த இடத்தை அவர் தொடவில்லை, அது தன் வேலை இல்லை என்றார். அவரிடம் வாங்கிய ஸ்ட்ராப் ஒரு மாதத்தில் வெடித்துவிட்டது. அதை வேறு எங்காவது வாங்குவது நல்லது. பற்றரி மணிக்கூட்டுக்கு அவரிடம் போய் நேரத்தைக் கெடுக்க வேண்டாம், செய்வார், ஆனால் மனம் இல்லாமல் செய்வார்.

கழற்றிய கறள் தண்டையும் பழைய ஸ்பிரிங்கையும் ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டுத் திருப்பித் தந்தார். இதை எந்தக் கடையும் செய்வதில்லை. மாற்றியதை மாற்றினேன் என்று கண்ணால் காட்டுகிற தொழிலாளி. அந்த நெருப்புப்பெட்டியும் பஸ்போர்ட்டும் இப்போது ஒரே பைக்குள் இருக்கின்றன. எண்ணெய் போட மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சாவி காலையில், ஒரே நேரத்தில், இறுகும் இடம் வந்ததும் நிறுத்த வேண்டும்.

கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆவுக்குப் பூட்டினால் மூன்று மணிக்குப் பிறகுதான் திறப்பார். மழை நாளில் இயந்திரம் திறக்க மாட்டார், ஈரம் என்று. ஆகவே மாரி தொடங்க முன்னர் கொண்டுபோய்க் கொடுங்கள்.